27 அங்குலம் என்று சொல்லி விற்ற எட்டுத் தந்தி கிட்டாரில் 85,000 ரூபாயை இழந்தேன்: வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

பழைய இசைக்கருவிகளை வாங்கி விற்கும் ஒரு கடையில் எட்டுத் தந்தி எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றை 85,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஸ்கேல் நீளம், அதாவது தந்தியில் அதிர்ந்து ஒலிக்கும் பகுதியின் நீளம், 27 அங்குலம் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். வாயாலும் பலமுறை அதையே சொன்னார்கள். உண்மையில் அதன் நீளம் 25.5 அங்குலம்தான், அதாவது பல ஆறு தந்தி கிட்டார்களுக்கு இருக்கும் சாதாரண நீளம். பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். கோபம் அடங்காத நிலையில்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றரை அங்குலத்துக்கு இவ்வளவு ஆத்திரமா என்று நினைப்பவர்களுக்கு ஒரு விளக்கம். எட்டாவது தந்தி வழக்கமாக எஃப் ஷார்ப் என்ற சுரத்துக்கு ட்யூன் செய்யப்படும். அதன் அதிர்வெண் சுமார் 46 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் தாழ்ந்த ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாருக்குப் பெரும்பாலும் 34 அங்குல நீளம் இருக்கும்போது, ஏறக்குறைய அதே ஆழத்தில் ஒலிக்க வேண்டிய தந்தியை 25.5 அங்குலத்தில் கட்டினால் அது தொய்ந்துதான் கிடக்கும். ஒரே தந்தியை ஒரே சுருதியில் வைத்தால், இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். எனவே 27 அங்குலத்தில் கிடைக்கும் இழுவிசை 25.5 அங்குலத்தில் கிடைப்பதைவிடச் சுமார் 12 சதவீதம் அதிகம். தொய்ந்த தந்தியைப் பிக்கால் (மீட்டும் சிறு தகட்டால்) அழுத்தி அடித்தால் சுருதி முதலில் மேலே போய்ப் பிறகு இறங்கும். ஒலியைக் கரடுமுரடாக்கும் டிஸ்டார்ஷன் போட்டு அதில் ஒரு பவர் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் இரண்டு சுரங்கள்) வாசித்தால் எந்தச் சுரமும் தெளிவாகக் கேட்காது. நான் பணம் கொடுத்தது அந்த நீளத்துக்காகத்தான்.

கடைக்காரருக்கு இது தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வாயுடன் சேர்ந்து ஐபனெஸ் நிறுவனம் 1990இல் யுனிவர்ஸ் என்ற ஏழு தந்தி கிட்டாரை வெளியிட்டதையும், மெஷுகா என்ற மெட்டல் இசைக் குழுவினர் எட்டுத் தந்திக்கு மாறியதையும், 2007இல் வந்த ஐபனெஸ் ஆர்ஜி2228 என்ற எட்டுத் தந்தி கிட்டாருக்கு ஏன் 27 அங்குலம் கொடுத்தார்கள் என்பதையும் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து விளக்கியவர் அவர்தான். "தம்பி, நீளம் இல்லாத எட்டுத் தந்தி எதுக்கும் உதவாது, இது ஸ்டுடியோவில் வாசிக்கிறவர் சொல்லிச் செய்யவைத்தது" என்றார். சொன்ன வரலாறு எல்லாம் சரியாக இருந்ததால்தான், கையில் இருந்த கருவியைப் பற்றிச் சொன்னதையும் நம்பினேன். பிறகு சுருதி காட்டும் டியூனரை மாட்டி, எட்டாவது தந்தியைத் திறந்த நிலையில், அதாவது விரலால் எங்கும் அழுத்தாமல், மீட்டிக் காட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. டிஜிட்டல் ஆம்பில் டிஸ்டார்ஷனையும், மெல்லிய ஒலியை அடைத்துவிடும் நாய்ஸ் கேட்டையும் ஏற்றி, உள்ளங்கையால் அமுக்கிய சின்னச் சின்ன ரிஃப்களை (இசைத் துணுக்குகளை) மட்டும் அந்தத் தந்தியில் வாசித்தார். நீண்டு ஒலிக்கும் சுரங்களையெல்லாம் மெல்லிய ஆறு தந்திகளிலேயே வைத்துக்கொண்டார். அது எவ்வளவு திட்டமிட்ட வாசிப்பு என்பது இப்போது நன்றாகப் புரிகிறது. 85,000 ரூபாயை அங்கேயே அனுப்பினேன்.

வீட்டில் பழைய தந்திகளைக் கழற்றி, எட்டாவதாக 0.074 அங்குலத் தந்தி உள்ள வழக்கமான எட்டுத் தந்தி செட்டை மாட்டியவுடன் குட்டு வெளிப்பட்டது. கடையில் இருந்தது அதைவிடத் தடித்த தந்தி. தொய்வு தெரியாமல் இருக்கவே அதைப் போட்டிருந்தார்கள். புதிய தந்தியோ ஃபிரெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கம்பிகளில்) அடித்துக்கொண்டு கரகரத்தது. 12ஆம் ஃபிரெட்டில் அழுத்தினால், திறந்த தந்திக்குச் சரியாக ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேலே ஒலிக்க வேண்டிய சுரம் கேட்டாலே தெரியும் அளவுக்கு ஏறி ஒலித்தது. தந்தியின் அடிமுனையைத் தாங்கும் சேடிலைப் பின்னால் தள்ளிச் சரிசெய்யலாம் என்று பார்த்தால், அது ஏற்கெனவே கடைசி எல்லையில் நின்றது. அதன் பிறகுதான் அளவு நாடாவை எடுத்தேன். நட்டிலிருந்து (கழுத்தின் மேல்முனையில் தந்திகள் பள்ளத்தில் அமரும் பட்டையிலிருந்து) 12ஆம் ஃபிரெட் வரை உள்ள தூரம் ஸ்கேல் நீளத்தில் சரிபாதி. 27 அங்குலக் கிட்டாரில் அது சுமார் 34.3 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். என்னுடையதில் 32.4 சென்டிமீட்டர்.

திரும்பக் கொண்டுபோனபோது, தேநீர் வாங்கிக் கொடுத்த அதே மனிதர் முகம் கொடுத்துப் பேசவில்லை. புதுத் தந்தி படிய நாளாகும் என்றார். பிறகு நான் பிக்கால் ஓங்கி அடிக்கிறேன் என்றார். பிறகு எட்டுத் தந்தி என்றாலே இப்படித்தான் என்றார். செட்டப் செய்து தருவதாக வாங்கி வைத்துக்கொண்டு, தடித்த தந்திக்காக நட்டின் பள்ளத்தை அரம் போட்டு ஆழமாக்கிவிட்டார்கள். இப்போது அந்தத் தந்தி திறந்த நிலையிலேயே முதல் ஃபிரெட்டில் உரசுகிறது. நாடாவை வைத்து அவர் கண்ணெதிரே அளந்து காட்டியபோது, "பில்லில் 27ன்னு எங்கே இருக்கு?" என்று கேட்டார். பில்லில் 'பழைய எலெக்ட்ரிக் கிட்டார், 1' என்று மட்டும்தான் இருந்தது. அந்த அட்டையும் மாயமாகிவிட்டது. இப்போது என் எண்ணைப் பார்த்தால் அழைப்பை எடுப்பதே இல்லை. 85,000 ரூபாய் எனக்குச் சின்னத் தொகை அல்ல. வகுப்பெடுத்து மாதாமாதம் சேர்த்த பணம் அது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன்.

ஏழு, எட்டுத் தந்தி கிட்டார் வாங்குவது பற்றி விரிவாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். இன்றைக்கு என்னால் முடிந்தது இவ்வளவுதான். கடைக்குப் போகும்போது அளவு நாடா எடுத்துச் செல்லுங்கள், நட்டிலிருந்து 12ஆம் ஃபிரெட் வரை நீங்களே அளந்து அதை இரண்டால் பெருக்குங்கள். திறந்த தந்திக்கு டியூனரில் எரியும் பச்சை விளக்கை நம்பாதீர்கள். 12ஆம் ஃபிரெட்டிலும் அழுத்திப் பாருங்கள், எட்டாவது தந்தியை டிஸ்டார்ஷன் இல்லாமல் நீளமாக ஒலிக்கவிட்டுக் கேளுங்கள். தந்தியின் தடிமன் என்ன என்று கேளுங்கள். அட்டையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேல் நீளத்தைப் பில்லில் எழுதித் தரும் வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.