பூங்கா வேலைக்குப் பணம் கேட்டு வருகிறார்களா? ரசீதைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்

கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம் பக்கம் இருப்பவர்களும், அங்கிருந்து சிங்கப்பூர், துபாய் என்று போயிருப்பவர்களும் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் ஊர்ப் பூங்காவின் பேரில் பணம் வாங்கிய அதே ஆள், பக்கத்து ஊரில் ஊருணிக்கரை வேலைக்கும் வசூலுக்கு இறங்கியிருக்கிறார் என்று கேள்வி.

எங்கள் பூங்கா பழசு. நடுவில் வானொலி மண்டபம், சுற்றிலும் பூவரசும் வேம்பும். டிவி வராத காலத்தில் சாயங்காலச் செய்தி கேட்க ஊரே வந்து உட்கார்ந்த இடம். கவனிப்பாரில்லாமல் கிடந்த பூங்காவுக்குப் புனரமைப்பு வேலை வந்தது. பேவர் பிளாக் நடைபாதை, சுற்றுச்சுவர், பிள்ளைகளுக்கு ஊஞ்சல், சறுக்கு. சந்தோஷப்பட்டோம்.

வேலை தொடங்கியதும் ஒருவர் வந்தார். ஒப்பந்ததாரரின் ஆள் என்றார். "எஸ்டிமேட்ல மண்டபம் இல்லண்ணே. நமக்கு நாமே திட்டத்துல மக்கள் பங்கு கட்டினா மண்டபத்தையும் சரிபண்ணி, பெஞ்சும் போட்டு, கொடுத்தவங்க பேரையும் கல்லுல வெட்டிடலாம்." நம்பும்படித்தான் இருந்தது. அப்படி ஒரு திட்டம் உண்மையிலேயே இருக்கிறது. 1997இல் வந்தது, 2021இல் மறுபடி உயிர் பெற்றது. செலவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு போடும். ஆனால் அந்தப் பணம் போய்ச் சேர வேண்டிய இடம் உள்ளாட்சி அமைப்பின் கணக்கு. இவர் கொடுத்தது தன் சொந்த ஜிபே எண். கையில் பச்சை நிற ரசீதுப் புத்தகம். பூங்கா படம், திட்டத்தின் பெயர் எல்லாம் அச்சடித்திருந்தது. முத்திரையும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை. தெருத்தெருவாகப் பணம் போனது. வெளிநாட்டுக்காரர்கள்தான் அதிகம் அனுப்பினார்கள். தாத்தா உட்கார்ந்து செய்தி கேட்ட மண்டபம் என்றால் யார் மாட்டேன் என்பார்கள்?

வேலை நடந்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். மண்டபம் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. அதன் மேல் சிமெண்டை அப்பினார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெளியேயும் விடும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடும். கடலோர உப்பு வேறு சேர்ந்துகொண்டது. ஐப்பசி மழை முடிவதற்குள் பூச்சு பாளம் பாளமாகக் கழன்றது, பழைய செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு. பெஞ்சு சாதா இரும்பு. துருவின் மேலேயே பெயிண்ட். இதே உப்புக்காற்றுக்குப் பயந்துதான் 2025இல் திறந்த புதுப் பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டார்கள். பூங்காவுக்கு அவ்வளவு வேண்டாம், நாலு கருங்கல் திண்ணை போதாதா? மரங்களின் தூர் வரைக்கும் சிமெண்ட் போட்டு மூடியதை எழுதினால் அது தனிப் பதிவாகிவிடும்.

பெயர் வெட்டிய கல் வரவேயில்லை. எப்போது கேட்டாலும் "எண்பது பர்சென்ட் முடிஞ்சிருச்சுண்ணே" என்பார். எதில் எண்பது என்று கேட்டால் பதில் இருக்காது.

சரி என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, எஸ்டிமேட், ஒர்க் ஆர்டர், எம்-புக் (செய்த வேலையை அளந்து எழுதும் புத்தகம்) நகல்கள் கேட்டோம். வந்த காகிதத்தைப் பார்த்து வயிறு எரிந்தது. மண்டபப் பழுதுபார்ப்பும் பெஞ்சும் முதல் எஸ்டிமேட்டிலேயே இருக்கின்றன. மக்கள் பங்கு என்று ஒரு ரூபாய்கூட வரவில்லை. அரசுப் பணத்தில் நடக்கும் வேலைக்கு எங்களிடமும் வசூலித்திருக்கிறார்கள்! ஒப்பந்ததாரரைக் கேட்டால் "அவர் என் ஆளே இல்லை" என்கிறார். தினமும் சிமெண்ட் மூட்டையை எண்ணி இறக்கியது அந்த ஆள்தான், ஊரே பார்த்தது. அலுவலகத்தில் "நாங்களா கொடுக்கச் சொன்னோம்?" என்று ஒரு கேள்வி. மதிப்பீடு, ஒப்பந்ததாரர் பெயர், முடியும் தேதி எழுதிய பலகையை வேலை நடக்கும் இடத்தில் வைத்திருந்தால் நாங்கள் ஏன் கொடுக்கப்போகிறோம்?

உங்கள் ஊரில் வேலை இப்போதுதான் தொடங்குகிறது என்றால், பணத்தை எடுப்பதற்கு முன்பே அந்த 10 ரூபாய் மனுவைப் போட்டுவிடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். நகல் மட்டுமில்லை, வேலையை நேரில் பார்வையிடவும் பொருளின் மாதிரி கேட்டு வாங்கவும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆவது பிரிவிலேயே இடம் இருக்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை. அப்புறம், திட்டத்துக்குப் பணம் கொடுப்பதென்றால் அலுவலகத்துக்கே போய்க் கட்டி அங்கேயே ரசீது வாங்குங்கள்.

காவல் நிலையத்தில் ஏமாற்றுப் புகார் கொடுத்திருக்கிறோம். முன்பு 420 என்று சொல்வோமே, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318. பணம் அனுப்பியவர்கள் பரிவர்த்தனை எண் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டை ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள், புகாருடன் சேர்த்துவிடுகிறோம். அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் யாரிடமாவது இருந்தால் அழித்துவிடாதீர்கள்.