வேனட் எஞ்சினைப் பிரித்துக் கட்டி மூன்று வருஷம்: என் கணக்கு

மலேசியாவில், பேராக் மாநிலத்துத் தாப்பாவில் எனக்குப் பூக்கடை. வாரம் இரண்டு தடவை விடிவதற்கு முன்னாலேயே கிளம்பி, 59-ஆம் நம்பர் ரோட்டில் அறுபது கிலோமீட்டர் மலை ஏறி, கேமரன் ஹைலண்ட்ஸில் சாமந்தி எடுத்துக்கொண்டு கடை நேரத்துக்குள் இறங்கி வந்துவிட வேண்டும். வண்டி 1996 நிசான் வேனட், சி22, ஜன்னல் வைத்த வேன். எஞ்சின் ஏ15, கார்புரேட்டர், 1488 சிசி. டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே எஞ்சின் உட்கார்ந்திருக்கும், அதனால் கோளாறு எதுவானாலும் முதலில் நம் பின்பக்கத்துக்குத்தான் தெரியும்.

2020 மார்ச்சில் பிகேபி (கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு) வந்து கல்யாணம், திருவிழா எல்லாம் நின்றுபோய், வேன் மாதக்கணக்கில் வீட்டோரமாகவே கிடந்தது. மறுபடி ஓட ஆரம்பித்ததும் ஒன்றொன்றாகத் தலைகாட்டியது. லாத்தா இஸ்கந்தார் அருவி தாண்டினால் இரண்டாவது கியரைவிட்டு மாற்ற முடியாது, மிதியைத் தரையோடு மிதித்தாலும் நகராது, பின்னால் வரும் லாரிக்காரன் லைட்டை அடித்துக்கொண்டே வருவான். ஒருநாள் ரிங்லெட் போய்ச் சேரும் முன்பே தண்ணீர் கொதித்து ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு) போய்விட்டது.

இங்கேதான் முதல் தப்பு செய்தேன். ஒரு பட்டறையில் "டாப் ஓவர்ஹால் போதும், கீழே எல்லாம் நல்லா இருக்கு" என்றார்கள், அதாவது எஞ்சினின் மேல்பாதியை மட்டும் பிரித்துப் பார்ப்பது. அளந்து பார்த்துச் சொன்னார்களா என்றால் இல்லை. 1,400 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சமமாகச் சீவி (ஸ்கிம்), வால்வு உட்காரும் இடத்தைத் தேய்த்து மாட்டினார்கள். ஒரு மாதம் ராஜா மாதிரி ஓடியது. ஆறு மாதத்தில் பின்னால் நீலப்புகை. மேலே இறுக்கமாக அடைத்துவிட்டால் அந்த அழுத்தம் பிஸ்டனைச் சுற்றியுள்ள தேய்ந்த ரிங் வழியாகக் கீழே இறங்கும், எண்ணெயும் இன்னும் வேகமாக மேலே ஏறும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தோட்டத்துப் பட்டறையில் டிராக்டரும் லாரியுமாக முப்பது வருஷம் பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தா எங்கள் பக்கத்தில் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். சீட்டைத் தூக்கி, எண்ணெய் மூடியைத் திறந்து, வரும் புகையில் கையை வைத்துப் பார்த்தார். "தலைக்கு வைத்தியம் பார்த்துட்டு வயித்த விட்டுட்டான் புள்ள" என்றார். அப்புறம் சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் கம்ப்ரஷன் மீட்டரை எடுத்தார். நாலில் மூன்று சிலிண்டர் 150 பிஎஸ்ஐ-யை ஒட்டிக் காட்டியது, மூன்றாம் நம்பர் சிலிண்டர் மட்டும் 95. அதற்குள் ஒரு ஸ்பூன் எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி சுற்றினார், முள் 140-க்கு ஏறியது. எண்ணெய் விட்டதும் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பத்து நிமிஷ வேலை இது, 1,400 வெள்ளிக்கு முன்னால் யாராவது செய்திருக்கலாம்.

தெரிந்தவர்கள் எல்லாரும் ஹாப்-கட் கடையில் (பழைய வண்டிகளை வெட்டிச் சாமான் விற்கும் கடை) வேறு எஞ்சின் வாங்கிப் போடச் சொன்னார்கள். அந்த எஞ்சின் எத்தனை மலை ஏறியது என்று யாருக்குத் தெரியும்? எஞ்சின் நம்பர் மாறினால் புஸ்பாகம் (வண்டிப் பரிசோதனை), ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) என்று வேறு அலைய வேண்டும். என் பிளாக்கையே சரிசெய்வது என்று முடிவு பண்ணினேன்.

பிரித்ததும் தாத்தா என் விரலைப் பிடித்து சிலிண்டருக்குள் வைத்தார். மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தை இழுத்தால் தட்டியது, சின்னப் படி மாதிரி. ரிங் ஏறி இறங்கும் இடம் மட்டும் தேய்ந்து, அதற்கு மேலே பழைய அளவிலேயே நிற்கிறது. ஈப்போவில் ஒரு லேத் கடையில் 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸுக்குப் போர் அடித்தோம், அதாவது சிலிண்டரின் உள்வட்டத்தைக் கடைந்து அந்த அளவுக்குப் பெரிதாக்கினோம். பிஸ்டனை முதலில் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, அதை அளந்து அதற்கேற்பத்தான் போர் அடிக்கச் சொல்ல வேண்டும் என்பதில் தாத்தா கறாராக இருந்தார். (வேனும் என்னுடையது, காசும் என்னுடையது, லேத் கடைத் தவுக்கே, அதாவது முதலாளி, பேசியது முழுக்க என் தம்பியிடம். அவனுக்குப் பிஸ்டனுக்கும் பிளக்குக்கும் வித்தியாசம் தெரியாது.) கிராங்கைத் தேய்த்து அதற்கேற்ற பேரிங், புது ஆயில் பம்ப், டைமிங் செயின், வால்வு சீல். லேத் கூலி, சாமான், தாத்தாவின் கூலி எல்லாம் சேர்த்து 3,600 வெள்ளியை ஒட்டி வந்தது.

பவர் கூடியதா என்று கேட்பவர்களுக்கு: 76 மில்லிமீட்டர் போர் 76.5 ஆனதில் கூடியது சுமார் 20 சிசி. அது ஒன்றுமே இல்லை. கசிந்து போய்க்கொண்டிருந்தது நின்றது, அவ்வளவுதான். ஆனால் அந்த "அவ்வளவுதான்" இருக்கிறதே, முன்பு இரண்டாவது கியரில் முனகிய வளைவுகளில் இப்போது மூன்றாவதில் போகிறேன். தானா ராத்தா பக்கம் காற்று மெலிந்து கொஞ்சம் சோர்வது இருக்கத்தான் செய்யும், கார்புரேட்டர் வண்டியில் அதற்கு மருந்தில்லை.

நடுரோட்டில் நிற்காமல் ஓடுவதற்குக் காரணம் பிஸ்டன் இல்லை, தண்ணீர் என்றுதான் சொல்வேன். பிளாக்கின் பக்கவாட்டில் காசு மாதிரி வட்டமான தகட்டு மூடிகள் இருக்கும். அதைத் தட்டி எடுத்ததும் உள்ளே துருச்சேறு, கறிக்குழம்பு அடிப்பிடித்த மாதிரி. இருபத்தைந்து வருஷம் யார் யாரோ பைப் தண்ணீர் ஊற்றிய பலன். இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், வெறும் தண்ணீர் விட்டால் இரண்டையும் அரிக்கும். இன்னொன்று, எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டே இல்லை. சூடாகிறது என்று பழைய ஆட்கள் கழற்றி எறிந்துவிடுவார்கள். அப்புறம் காலையில் எஞ்சின் சூடேறவே நேரமாகும், பெட்ரோல் குடிக்கும், சிலிண்டரும் தேயும். 82 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டோம், ரேடியேட்டருக்குப் புது கோர், கூலண்ட்.

கடைசியில் ரேடியேட்டர் மூடி. பத்துப் பதினைந்து வெள்ளி சமாச்சாரம், யாரும் கவனிப்பதில்லை. தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேலே. அங்கே திறந்த பானையில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி சரியாக அழுத்தம் பிடித்தால்தான் நூறைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். என் பழைய மூடியில் ரப்பர் வெடித்திருந்தது. ஹெட் கேஸ்கெட் போனதற்கு அதுவே போதும் என்றார் தாத்தா.

முதல் ஆயிரம் கிலோமீட்டர் மலைப்பக்கமே போகவில்லை. பீடோர், சுங்கை, தெலுக் இந்தான் என்று தரையிலேயே ஓட்டினேன், 80-க்கு மேல் இல்லை, ஒரே வேகத்திலும் இல்லை. 500-இல் எண்ணெய் மாற்றியபோது வடிந்த எண்ணெயில் வெயில் பட்டு மினுமினுத்தது, ஜிகினாத்தூள் மாதிரி. பயந்துபோய்க் கூப்பிட்டேன். "புது ரிங் உட்காருது, அடுத்த தடவை பாரு" என்றார். ஆயிரத்தில் மாற்றியபோது இல்லை. அன்றைக்கே ஹெட் போல்ட்டை மறுபடி முறுக்குப் பார்த்து, டேப்பெட் (வால்வு இடைவெளி) எஞ்சின் ஆறியிருக்கும்போது 0.25 மில்லிமீட்டர் வைத்தார்.

இப்போது ஐம்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டியாயிற்று. ஒரு தடவைகூட ரோட்டில் நிற்கவில்லை. லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் கொடுத்தது பத்துக்குப் பக்கம் கொடுக்கிறது. ஐயாயிரத்துக்கு ஒரு தடவை எண்ணெய் மாற்றுகிறேன், இடையில் அரை லிட்டர்கூட ஊற்ற வேண்டியதில்லை. போன மாதம் கம்ப்ரஷன் பார்த்ததில் நாலும் 165-க்கும் 170-க்கும் நடுவில்.

குறை இல்லாமல் இல்லை. சீட் சூடு அப்படியேதான், அது வேனட்டின் பிறவிக்குணம். கார்புரேட்டர் மழைக்காலக் காலைகளில் அடம் பிடிக்கும். எஞ்சின் பின்பக்க ஆயில் சீலைப் பிரித்தபோதே மாற்றாமல், நன்றாக இருக்கிறதே என்று பழையதையே விட்டோம். இருபது வெள்ளி மிச்சம் பிடித்தது என் யோசனை, தாத்தா வேண்டாம் என்றுதான் சொன்னார். இப்போது அது சொட்டுகிறது. அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும், அடுத்த தடவை கிளட்ச் போடும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். அதுவரைக்கும் பூ வந்த அட்டைப்பெட்டி ஒன்றை விரித்து வேனுக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறேன்.