கேம் ஆர்ட் வாங்கும் முன் இதைப் படியுங்கள்: என் ரூ.18,500 போய்விட்டது

நேற்று என் மொபைல் கேமை ஸ்டோரிலிருந்து தூக்கிவிட்டார்கள். பதிப்புரிமைப் புகார். கொடுத்தது ஒரு வெளிநாட்டு கேம் கம்பெனி. மெயிலில் அவர்கள் ஹீரோவையும் என் ஹீரோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். மேலங்கியின் நிறத்தைத் தவிர எல்லாம் அப்படியே அச்சு. "நானே வரைந்தது" என்று சொன்ன ஆளிடம் ரூ.18,500 கொடுத்து வாங்கிய படங்கள் அவை.

ஃப்ரீலான்ஸ் ஆட்களைப் பிடித்துத் தரும் ஒரு தளத்தில்தான் அந்த ஆள் கிடைத்தார். வேலை கொடுக்கும்போதே கேட்டேன், "ப்ரோ, வேற கேம்ல இருந்து எடுத்தது இல்லையே?" உடனே வீடியோ காலில் வந்தார். ஸ்கிரீனைக் காட்டி, ஹீரோவின் நீல மேலங்கியை என் கண்முன்னே சிவப்பாக்கினார். "எந்தக் கலர் வேணும்னாலும் சொல்லுங்க ப்ரோ, நம்ம கைல வரைஞ்சதுதானே" என்றார். அதைப் பார்த்த பிறகுதான் முழுப் பணத்தையும் விட்டேன். இருக்கிற படத்துக்குக் கலர் மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? அதைத்தான் வேலை என்று காட்டியிருக்கிறார்.

ஆண்ட்ராய்டு கேமை போனில் ஏற்றும் ஏபிகே ஃபைல் என்பது உள்ளுக்குள் பல ஃபைல்களைக் கட்டி வைத்த ஒரு ஜிப்தான். யூனிட்டி என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் செய்த கேம் என்றால் படம், 3டி மாடல், சத்தம் எல்லாவற்றையும் உருவியெடுக்க இலவச டூல்களே இருக்கின்றன. கற்றுக்கொள்ள ஒருவர் திறந்து பார்ப்பது வேறு. உருவியதை இன்னொருவன் தலையில் கட்டிக் காசு பார்ப்பது பச்சைத் திருட்டு.

அவர் அனுப்பிய ஃபோல்டரை இரவு முழுக்கக் குடைந்தேன். எல்லா ஃபைலுக்கும் பெயர் மாற்றியவர் ஒன்றை விட்டுவிட்டார். 'எஸ்ஏசிடிஎக்ஸ்-0-2048எக்ஸ்2048-ஈடிசி2' என்று தொடங்கும் பெயர். பல படங்களை ஒரே ஷீட்டில் அடுக்கும்போது யூனிட்டி தானாக வைக்கும் பெயர் அது. ஈடிசி2 என்பது போனுக்காகப் படத்தைச் சுருக்கும் முறை. பெரிதாக்கிப் பார்த்தால் ஓரமெல்லாம் கட்டம் கட்டமாகக் கலங்கியிருக்கிறது. கையால் வரைந்து தருபவரிடம் இப்படி ஒரு ஃபைல் எப்படி இருக்கும்?

கேட்டேன். முதலில் "ஸ்டோர்ல ஏதோ தப்பு ப்ரோ, அப்பீல் பண்ணுங்க." அப்புறம் "ரெஃபரன்ஸ் வச்சு வரைஞ்சது." அப்புறம் பிளாக். தளத்துக்கு எழுதினால், "ஆர்டர் முடிந்துவிட்டது, புகார் செய்யும் காலமும் தாண்டிவிட்டது" என்று பதில். ஃபைல் பெயரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியும் அதே வரிதான் திரும்ப வந்தது. ரூ.18,500! அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதில் என் டெவலப்பர் அக்கவுண்டிலும் புகார் பதிவாகிவிட்டது. இப்படியே தொடர்ந்தால் அக்கவுண்டையே மூடிவிடுவார்கள்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. லேயரோடு, அதாவது வரைந்த அடுக்குகள் தனித்தனியாக இருக்கும் ஒரிஜினல் ஃபைல் கேளுங்கள், வெறும் பிஎன்ஜி படம் வேண்டாம். பென்சில் ஸ்கெட்ச்சிலிருந்து வரைந்து காட்டச் சொல்லுங்கள். படத்தை கூகுளில் போட்டுத் தேடுங்கள். அதுவரை பணத்தை விடாதீர்கள். பணம் போய்விட்டதா, உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள். நான் இப்போது அந்த லைனில்தான் காத்திருக்கிறேன்.