வேலைக்குத் திரும்பும் அம்மாவுக்கு எந்த பிரெஸ்ட் பம்ப்? கையால் பீய்ச்சுவது முதல் டபுள் எலக்ட்ரிக் வரை

மன்னார்குடியில் காலை 7 மணிக்கு பஸ் ஏறி, தஞ்சாவூரில் வேலை முடித்து, மாலை 6 மணிக்கு வீடு வந்து சேரும் அம்மா குழந்தையைப் பிரிந்திருப்பது 11 மணி நேரம். ஒன்றிலிருந்து ஆறு மாதம் வரையுள்ள குழந்தைக்கு, அம்மா இல்லாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சுமார் 30 மில்லி பால் என்று கணக்கு வையுங்கள். அவர் ஒரு நாளைக்கு 330 மில்லி எடுத்து வைத்தாக வேண்டும். கும்பகோணத்திலேயே வீடு, கும்பகோணத்திலேயே கடை, மதியம் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றால், இரண்டு வேளைக்கும் 120, 120 மில்லி இருந்தால் போதும். இந்த இரண்டு பேருக்கும் ஒரே பம்ப் தேவைப்படாது. விளம்பரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் மணிக்கணக்கைப் போட்டுவிடுங்கள். பணம் மிச்சமாவது அங்கேதான்.

குழந்தையின் வயதும் கணக்கில் சேரும். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு இருக்கிறது. தனியார் நிறுவனங்களில் சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். ஆறு மாதம் முடிந்த குழந்தை கஞ்சி, கூழ் சாப்பிடத் தொடங்கிவிடுவதால் பகலில் பால் தேவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஆனால் சின்னக் கடைகளிலும் தனியார் பள்ளிகளிலும் மூன்றாம் மாதமே வேலைக்கு வந்துவிடும் பெண்கள் நிறைய. பம்ப் அதிகம் தேவைப்படுவது அவர்களுக்குத்தான், கையில் காசு குறைவாக இருப்பதும் அவர்களிடம்தான். இந்த அலசலை அவர்களை மனதில் வைத்தே எழுதுகிறோம்.

காசு செலவில்லாத வழி

எந்த பம்ப் வாங்கினாலும் கையால் பீய்ச்சக் கற்றுக்கொள்ளுங்கள். கையை சோப்பு போட்டுக் கழுவி, வாய் அகன்ற எவர்சில்வர் கிண்ணத்தைக் கொதிக்க வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் பின்னால், கருவளையத்தின் விளிம்பில் கட்டைவிரல் மேலேயும் ஆள்காட்டி விரல் கீழேயும் இருக்கட்டும். முதலில் விரல்களை நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு ஒன்றையொன்று நோக்கி அழுத்தி, விட வேண்டும். தோலின் மேல் விரல் வழுக்கக் கூடாது, காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. முதல் ஒன்றிரண்டு நிமிடம் சொட்டுதான் வரும். பால் இறங்கியதும் பீய்ச்சி அடிக்கும். வேகம் குறைந்தால் விரல்களைக் கடிகார முள் மாதிரி நகர்த்தி வேறு இடத்தில் அழுத்துங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 20 முதல் 30 நிமிடம் ஆகும். பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில், அது தஞ்சை ராசா மிராசுதார் மருத்துவமனையோ உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையமோ, நர்ஸிடம் கேட்டால் நேரிலேயே செய்து காட்டுவார்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு டெல்டாவில் பல கிராமங்களுக்கு வாரக் கணக்கில் கரண்ட் வரவில்லை. சார்ஜில் ஓடும் பம்பை மட்டும் நம்பினால் அப்படிப்பட்ட நாட்களில் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிடும். கை எப்போதும் கூடவே இருக்கிறது.

மருந்துக் கடைகளில் கண்ணாடிப் புனலும் ரப்பர் குமிழும் சேர்ந்த பழைய பம்ப் இன்னும் கிடைக்கிறது. விலை குறைவு என்று அதை வாங்க வேண்டாம். பால் குமிழுக்குள் போய்விடும், உள்ளே கழுவவும் முடியாது, காயவும் காயாது, கிருமி அங்கேயே தங்கும். இழுக்கும் வேகத்தையும் நம்மால் கட்டுப்படுத்த முடியாது, காம்பு புண்ணாகும்.

சிலிக்கான் பம்ப்

ஒரே துண்டாக, அமுக்கி மார்பில் ஒட்ட வைக்கும் வகை. 500 ரூபாய்க்கு முன்னே பின்னே. குழந்தை ஒரு பக்கம் குடிக்கும்போது மறுபக்கம் தானாக ஒழுகுவதைப் பிடிக்கத்தான் இது. காலை முதல் பால் கொடுக்கும்போது வைத்தால் 30 மில்லியாவது சேரும். வேலை இடத்தில் இதை நம்பி மார்பைக் காலி செய்ய முடியாது, ஏனென்றால் இது குழந்தை மாதிரி விட்டு விட்டு இழுப்பதில்லை, ஒரே பிடியாகப் பிடித்திருக்கும். குழந்தை கால் உதைத்தால் மொத்தமும் புடவையில் கொட்டும். துணைக்கு வைத்துக்கொள்ளலாம், இதை மட்டும் வாங்கி வேலைக்குப் போகாதீர்கள்.

நல்ல மேனுவலா, மலிவு எலக்ட்ரிக்கா?

பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம் இது. கையில் 2,000 ரூபாய் இருக்கிறது. அதற்கு நல்ல மேனுவல் பம்பும் கிடைக்கும், சார்ஜ் போடும் சிங்கிள் எலக்ட்ரிக்கும் கிடைக்கும். மோட்டார் இருந்தால் உசத்தி என்று கை தானாக எலக்ட்ரிக்கை நோக்கிப் போகும்.

மேனுவல் பம்பில் கைப்பிடியை அழுத்தினால் இழுக்கும், விட்டால் தளரும். உங்கள் உடம்பு எப்படிக் கேட்கிறதோ அப்படி அழுத்தலாம். முதல் இரண்டு நிமிடம் சின்னச் சின்னதாக, வேகமாக. பால் இறங்கியதும் நிதானமாக, ஆழமாக, ஒவ்வொரு இழுப்பிலும் ஒரு நொடி பிடித்து. குழந்தை குடிக்கும் விதமும் இதுதான். மெடெலா ஹார்மனி போன்ற சில மாடல்களில் இதற்கென்றே கைப்பிடியின் இரண்டு முனைகள் இருக்கும், சின்ன முனை வேகத்துக்கு, நீண்ட முனை ஆழத்துக்கு. சத்தம் கிடையாது. ஜவுளிக் கடை குடோன், பள்ளி ஸ்டோர் ரூம், தஞ்சை பேருந்து நிலையத்தின் தாய்ப்பால் ஊட்டும் அறை என எங்கே உட்கார்ந்தும் எடுக்கலாம். குறை என்னவென்றால் கை வலிக்கும். ஒரு நாளைக்கு இரண்டு வேளை தாங்கும், மூன்று வேளை நாள் தவறாமல் என்றால் மணிக்கட்டு பிடித்துக்கொள்ளும். பிரசவத்துக்குப் பிறகு கட்டைவிரல் பக்கம் வலி இருப்பவர்களுக்கு இது ஒத்து வராது.

மலிவான சிங்கிள் எலக்ட்ரிக்கில் கை வலி கிடையாது. ஆனால் மூன்று சிக்கல்கள். ஒன்று, பேட்டரி இறங்க இறங்க சில மாடல்களில் இழுப்பும் குறையும், பால் நின்றுவிட்டது என்று அம்மா பயந்துபோவார். இரண்டு, பல மாடல்களில் பால் குழாய்க்குள் ஏறாமல் தடுக்கும் சவ்வு இருக்காது. கொஞ்சம் குனிந்தாலே பால் குழாய் வழியாக மோட்டாருக்குள் போகும், உள்ளே பூஞ்சை பிடிக்கும். மூன்று, நேரம். ஒரு பக்கம் 15 நிமிடம், மறுபக்கம் 15 நிமிடம், கழற்றி மாட்டி மூடி வைக்க இன்னும் கொஞ்சம். மேனுவலுக்கும் அதே நேரம்தான் ஆகிறது. அப்புறம் எதற்குக் கூடுதல் காசு, கூடுதல் சத்தம்?

எங்கள் தீர்ப்பு வெளிப்படையானது. பகலில் ஒரு வேளையோ இரண்டு வேளையோ எடுத்தால் போதும் என்பவர்கள் நல்ல மேனுவலையே வாங்குங்கள். 700 ரூபாய் மேனுவலும் வேலை செய்யும், ஆனால் அதன் வால்வு தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கிடைக்காது என்றால் இரண்டு மாதத்தில் மொத்த பம்பும் வீண்.

டபுள் எப்போது தேவை?

மன்னார்குடி–தஞ்சாவூர் கணக்கில் இருப்பவர்களுக்கு, அதாவது 10 மணி நேரத்துக்கு மேல் வெளியே, மூன்று வேளை எடுத்தாக வேண்டும் என்பவர்களுக்கு டபுள் எலக்ட்ரிக் ஆடம்பரம் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், 15 முதல் 20 நிமிடத்தில் முடியும். சட்டம், குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை தரச் சொல்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். அந்தச் சின்ன இடைவேளைக்குள் முடிகிற பம்ப் இதுதான். நம் ஊர் பிராண்டுகளில் சுமார் 3,500 ரூபாயிலிருந்து பார்க்கலாம். பால் திரும்பாமல் தடுக்கும் சவ்வு இருக்கிறதா, யுஎஸ்பி வழியாக பவர் பேங்கில் ஓடுமா, இழுக்கும் வேகத்தையும் பலத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க முடியுமா என்று மட்டும் பாருங்கள். அட்டைப் பெட்டியில் பெரிய எண்ணில் போட்டிருக்கும் இழுவிசையை நம்பி வாங்காதீர்கள். வலிக்காத அளவுக்கு மேல் வைத்தால் பால் கூடாது, குறையும். கையில் பிடிக்காமல் இருக்க, பழைய காட்டன் பிரா ஒன்றில் காம்பு இருக்கும் இடத்தில் சின்னத் துளை வெட்டிப் புனலைச் செருகிக்கொள்ளலாம்.

உடைக்குள் வைக்கும் வேரபிள் வகை துப்பட்டாவுக்குள் மறைந்துவிடும் என்பதால் ஆசை காட்டுகிறது. காம்பு நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க முடியாது, குனிந்தால் சிந்தும், கழுவப் பாகங்கள் அதிகம். முதல் பம்பாக வேண்டாம்.

குறைமாதக் குழந்தை, குழந்தை இன்னும் ஆஸ்பத்திரியில் என்றால் இந்த ஒப்பீடே பொருந்தாது. ஆஸ்பத்திரிகளில் பயன்படுத்தும் தரத்திலான பம்ப் வாடகைக்குக் கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

புனல் அளவு

பால் வரவில்லை என்று பம்பை மாற்றுகிற பலருக்கு மாற்ற வேண்டியது புனல்தான். பெட்டியோடு பெரும்பாலும் 24 அல்லது 28 மில்லிமீட்டர் புனல் வரும். பம்ப் செய்வதற்கு முன், பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துக் காம்பின் விட்டத்தை மட்டும் அளந்துகொள்ளுங்கள், கருவளையத்தைச் சேர்க்காமல். அதோடு 0 முதல் 3 மில்லிமீட்டர் கூட்டினால் உங்கள் அளவு. 16 மில்லிமீட்டர் காம்புக்கு 28 மில்லிமீட்டர் புனல் வைத்தால் கருவளையமும் சேர்ந்து உள்ளே இழுபடும், வீங்கும், பால் வராது. இதற்குப் புனலுக்குள் போடும் சிலிக்கான் இன்செர்ட் 17, 19, 21 அளவுகளில் தனியாக விற்கிறது. காம்பு குழாயின் ஓரத்தில் உரசி, முடிந்ததும் வெளுத்தோ ஊதாவாகவோ தெரிந்தால் புனல் சின்னது, இல்லாவிட்டால் இழுப்பு அதிகம்.

எது கெடும், ஏன் கெடும்

நேற்று வரை நன்றாக இழுத்த பம்ப் இன்று இழுக்கவில்லை என்றால் முதலில் மோட்டாரைச் சந்தேகிக்காதீர்கள். புனலுக்கு அடியில் வாத்து மூக்கு மாதிரி ஒரு சிலிக்கான் வால்வு இருக்கும். அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். நுனியில் உள்ள கீறல் ஒட்டி மூடியிருக்க வேண்டும். கோடாக வெளிச்சம் தெரிந்தால் அது தளர்ந்துவிட்டது. தினம் மூன்று வேளை எடுப்பவர்களுக்கு ஒன்றிரண்டு மாதத்தில் இப்படி ஆகிவிடும். பம்ப் வாங்கும்போதே ஒரு ஜோடி வாங்கி வையுங்கள். அந்தக் கீறலுக்குள் பிரஷ் விட்டுத் தேய்த்தால் இன்னும் சீக்கிரம் கெடும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புத் தண்ணீரில் கொதிக்க வைப்பவர்களுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. வெள்ளையாகப் படியும் உப்பு வால்வின் வாயில் ஒட்டிக்கொண்டு மூட விடாது. கொதிக்க வைப்பதைக் கேன் தண்ணீரில் செய்யுங்கள். படிந்துவிட்டதைக் கொஞ்சம் வினிகர் கலந்த நீரில் ஊற வைத்து, நன்றாக அலசி எடுக்கலாம்.

கழுவும் முறை: பால் பட்ட பாகங்களை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், எடுத்ததும் சுடுதண்ணீர் ஊற்றினால் பால் ஒட்டிக்கொள்ளும். பிறகு இதற்கென்று வைத்த தனிப் பாத்திரத்தில் சோப்பும் வெந்நீரும். தினம் ஒரு முறை 5 நிமிடம் கொதிக்க வைத்து, சுத்தமான துணி மேல் பரப்பிக் காய விடுங்கள். மோட்டாரையும் குழாயையும் கொதிக்க வைக்கக் கூடாது. குழாய்க்குள் ஈரத் துளி தெரிந்தால், புனலைக் கழற்றிவிட்டு பம்பை இரண்டு நிமிடம் சும்மா ஓட விட்டால் காய்ந்துவிடும்.

அக்னி நட்சத்திரமும் மின்தடையும்

எடுத்த பால் அறை வெப்பத்தில் 4 மணி நேரம் இருக்கும் என்பது 25 டிகிரி வரைக்குமான கணக்கு. மே மாதத் திருவாரூருக்கு அது செல்லாது. எடுத்த உடனே ஐஸ் பேக் வைத்த பைக்குள் போக வேண்டும். உறைந்த ஐஸ் பேக்கோடு நன்றாக மூடும் பையில் 24 மணி நேரம் தாங்கும். விலை கூடிய பம்ப் வாங்கி ஐஸ் பையை விட்டுவிடுவதைவிட, பம்பில் கொஞ்சம் குறைத்து நல்ல பை வாங்குவது மேல். பை இல்லையா, வாய் அகன்ற பிளாஸ்கில் ஐஸ் கட்டி போட்டு, மூடிய பால் பாட்டிலை அதற்குள் நிறுத்துங்கள்.

வீட்டு ஃப்ரிட்ஜில் 4 நாள் வைக்கலாம், கதவில் வைக்காமல் உள்ளே பின்பக்கமாக. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டியில் இரண்டு வாரத்துக்கு மேல் நம்ப வேண்டாம். மாதாந்திர பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் போகும் நாளில் ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருங்கள், அன்றைக்கு வேண்டியதை முன்கூட்டியே ஐஸ் பைக்கு மாற்றிவிடுங்கள். புதிதாக எடுத்த சூடான பாலை ஏற்கெனவே குளிர்ந்த பாலோடு ஊற்றாமல், அதுவும் குளிர்ந்த பிறகு சேருங்கள். ஒரு பாட்டிலில் 60 முதல் 90 மில்லி போதும், மீதமாகிக் கொட்ட வேண்டி வராது.

வீட்டில் பார்த்துக்கொள்ளும் பாட்டியிடம் இதைச் சொல்லி வையுங்கள்: மேலே ஆடையாகக் கொழுப்பு பிரிந்து நிற்பது கெட்டுப்போனதால் இல்லை, மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் வைத்துக் காய்ச்ச வேண்டாம், பாட்டிலை வெந்நீர் கிண்ணத்தில் நிறுத்தினால் போதும். ஃபீடிங் பாட்டிலுக்குப் பதில் பாலாடையில் (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்), குழந்தையைச் சாய்த்து உட்கார வைத்து, உதட்டோரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கட்டும். ரப்பர் நிப்பிளுக்குப் பழகிய குழந்தை மாலையில் அம்மாவிடம் குடிக்க அடம் பிடிப்பது உண்டு, பாலாடையில் அந்தத் தொல்லை குறைவு. குடித்து மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்காவிட்டால் கொட்டிவிட வேண்டும்.

வேலைக்குச் சேரும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே பம்பைத் தொடங்குங்கள். காலை முதல் பால் கொடுத்த பிறகு, அரை மணி கழித்து ஒரு வேளை. முதல் சில நாள் 20, 30 மில்லிதான் வரும், குழந்தை குடித்த பிறகு மிச்சத்தைத்தான் எடுக்கிறீர்கள் என்பதால் அது சரியான அளவே. இதற்கிடையில் மார்பில் ஒரு இடம் சிவந்து, கட்டியாகி, காய்ச்சலும் வந்தால் பம்பின் வேகத்தைக் கூட்டிப் பார்க்காமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அந்தப் பக்கத்துப் பாலைக் குழந்தைக்குக் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.