அப்பாவின் அம்பாசிடரில் 46,800 ரூபாய் ஏமாந்தேன்: பழைய கார் வைத்திருப்பவர்கள் படியுங்கள்

46,800 ரூபாய். நேற்று மாலைதான் முழு விஷயமும் தெரிந்தது. ஆத்திரம் ஆறிய பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

வண்டி அப்பாவுடையது. 1986இல் வாங்கிய அம்பாசிடர் மார்க் 4. அப்பா போன வருடம் தவறிவிட்டார். எட்டு மாதம் ஷெட்டிலேயே நின்றது. "நின்னு நின்னே வீணாப் போகுதுடா, எடுத்து ஓட்டு" என்று அம்மா சொன்னார், எடுத்தேன். தனியாக ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. அம்மா, அக்கா, அக்கா பிள்ளைகள் எல்லோரும் பின்னால் ஏறினால் மட்டும், வேகத்தடையில் இறங்கும்போது இடது பின்சக்கரத்தில் 'சர்ர்' என்று ஒரு உரசல். கூடவே ரப்பர் கருகும் வாடை.

2014இல் மேற்கு வங்கத்து உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் உற்பத்தி நின்றுபோனது. அப்புறம் இந்த வண்டியைத் தொடத் தெரிந்தவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். அப்படித் தேடியபோதுதான், பழைய கார்களைப் புதுப்பித்து வீடியோ போடும் ஒரு பட்டறை கண்ணில் பட்டது. பளபளவென்று வெளியே வரும் வண்டிகள், கண் கலங்கும் உரிமையாளர்கள். நம்பிப் போனேன்.

பட்டறைக்காரர் வெளியே வந்து பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார். "எங்க அப்பாவும் இதே வண்டிதான் சார் வச்சிருந்தாரு. நம்ம வீட்டு வண்டி மாதிரி பாத்துக்கறேன்" என்றார். அந்த ஒரு பேச்சில் நான் விழுந்துவிட்டேன். அப்பாவை எரித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அவர் வண்டியை ஒருவர் அப்படித் தொட்டுப் பேசினால் எனக்கு வேறு என்ன தோன்றும்? அங்கேயே நின்று 30,000 ரூபாயை போனில் அனுப்பினேன். எழுத்தில் எஸ்டிமேட் கேட்கவில்லை. அவர் குனிந்து வண்டிக்கு அடியில் பார்க்கவே இல்லை என்பதும் அப்போது எனக்கு உறைக்கவில்லை. உரசல் எந்தச் சக்கரத்தில், எத்தனை பேர் ஏறினால் வருகிறது என்று ஒரு கேள்விகூட வரவில்லை.

ஒரு வாரம் என்றவர்கள் பத்தொன்பது நாள் கழித்து வண்டியைத் தந்தார்கள். நான்கு புது டயர் 27,200. ஷாக் அப்சார்பர் 10,600. மட்கார்டு வேலை 4,000. கூலி 5,000. ஆக 46,800. பில் என்று தந்தது கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமையே குடும்பத்தோடு கிளம்பினோம். முதல் வேகத்தடையிலேயே அதே சத்தம், முன்பைவிடப் பலமாக.

போன் செய்தேன். "புது டயர் சார், செட் ஆகணும், 500 கிலோமீட்டர் ஓட்டுங்க" என்றார். ஓட்டினேன். மறுபடி கேட்டதற்கு, "பின்னாடி ஆளைக் குறைச்சு ஏத்துங்க" என்றார். அஞ்சு பேர் போகத்தானே அம்பாசிடர்! அடுத்த தடவை, "பழைய வண்டின்னா சத்தம் வரத்தான் சார் செய்யும்." அதற்கப்புறம் பையன் ஒருவன்தான் போனை எடுத்தான், "அண்ணன் வெளியூர்ல இருக்காரு" என்று. நான் அனுப்பிய வீடியோவில் நீல டிக் விழுந்து பதினொரு நாள் ஆகிறது.

நேற்று, அப்பா வழக்கமாக வண்டியை ரிப்பேருக்கு விடும் மெக்கானிக் ஐயாவைத் தேடிப் பிடித்தேன். வயதாகி வேலையை விட்டுவிட்டார், ஆனாலும் வந்தார். "டேப்பும் சாக்பீஸும் இருந்தா போதும் தம்பி" என்றார். முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை அளந்தார். வலது பக்கம் 97 அங்குலம், அம்பாசிடருக்கு இருக்க வேண்டிய அளவு. இடது பக்கம் 96. பின் ஆக்சில், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் தாங்கும் தண்டு, ஒரு பக்கமாக முன்னே நகர்ந்திருக்கிறது. டயரின் தோளில் (பக்கச் சுவர் தொடங்கும் விளிம்பில்) சாக்பீஸ் தடவி, எங்களைப் பின்னால் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டினார். சக்கரக் குழியின் முன் ஓரத்தில் வெள்ளையாகத் தடம் பதிந்திருந்தது.

அப்புறம் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: இடது கமான் பட்டையின் (பின்பக்கச் சுமையைத் தாங்கும் அடுக்குப் பட்டை ஸ்பிரிங்) சென்டர் போல்ட் முறிந்திருக்கிறது. பட்டைகளைச் சேர்த்துப் பிடிப்பதும் அதுதான், அதன் தலை ஆக்சில் இருக்கையின் துளையில் உட்கார்ந்து ஆக்சிலை நகராமல் வைப்பதும் அதுதான். ஆக்சிலைப் பட்டையோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்ததும் சுமை முழுக்க சென்டர் போல்ட்மேல் விழுந்து அது ஒடிந்துவிட்டது. புது சென்டர் போல்ட், புது யூ போல்ட், கூலி எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய். இப்போது இரண்டு பக்கமும் 97.

46,800 வாங்கியவர்கள் இதைத் தொடவே இல்லை.

அது மட்டுமா? இந்த வண்டிக்கு உரிய டயர் 5.90-15, அதாவது ஏறக்குறைய 150 மி.மீ. அகலம். அவர்கள் போட்டது 205. ஒவ்வொரு பக்கமும் ஒரு அங்குலத்துக்கு மேல் பிதுங்கும். உரசுகிறது என்று வந்த வண்டிக்கு இன்னும் அகலமான டயரைப் போட்டு, அது இடிக்காமலிருக்க மட்கார்டின் உள் விளிம்பைச் சுத்தியலால் தட்டி மடித்திருக்கிறார்கள். அதற்குத்தான் 4,000! பெயிண்ட் வெடித்துத் தகரம் தெரிகிறது. போல்ட்டைச் சரி செய்த பிறகும் ஆள் நிறைய ஏறினால் இந்த டயர் லேசாகத் தொடுகிறது, ஆகவே சரியான அளவில் மறுபடி வாங்க வேண்டும். இடது டயரின் பக்கச் சுவரில் உள்நூல் தெரியுமளவு தேய்ந்திருக்கிறது. அந்த டயரோடுதான் "500 கிலோமீட்டர் ஓட்டுங்க" என்றார். அக்கா பிள்ளைகள் பின்னால் இருந்தார்கள். நெடுஞ்சாலையில் வெடித்திருந்தால்?

எப்படிக் கண்டுபிடிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். டயர் உரசினால் முதலில் இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். உரசிய இடம் பளபளப்பாக இருக்கும், அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு அடியில் பார்க்காமல் பாகம் மாற்றச் சொல்பவரிடம் சாவியைத் தராதீர்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள், என் பழைய டயர் நான்கும் எங்கே போயின என்று இன்றுவரை பதில் இல்லை. ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் பணம் தராதீர்கள்.

துண்டுச் சீட்டும் பணம் அனுப்பிய பதிவும் என்னிடம் இருக்கின்றன. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. மனு எழுத ஆரம்பித்துவிட்டேன். 46,800 திரும்பி வந்தாலும் அந்த மட்கார்டு விளிம்பு பழையபடி வராது. மழை வருகிற மாதிரி இருக்கிறது, துரு ஏறுவதற்குள் இன்று ராத்திரியே அதில் பிரைமராவது அடித்துவிட வேண்டும்.