நல்ல நோட்டைத்தான் நீட்டினோம், வாங்கவில்லை

இந்த முறை ஊர்ப் பயணத்தில் விமானம், குடியுரிமைச் சோதனை, உறவினர் வீடுகள் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. எழுத உட்கார்ந்தால் அதெல்லாம் நினைவுக்கே வரவில்லை. திண்டிவனத்துக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலை உணவகம் ஒன்றில் நான்கு இட்லிக்காக நின்றதுதான் மனத்தை இன்னும் அறுக்கிறது.

மன்னார்குடியிலிருந்து அத்தையைக் கண் மருத்துவரிடம் காட்டச் சென்னைக்கு அழைத்து வந்துகொண்டிருந்தேன். எழுபதைத் தாண்டியவர், சர்க்கரை உண்டு. "இதோ ஓட்டல் வந்துடுச்சு" என்று ஓட்டுநர் சொன்னதும் காரிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டார். உள்ளே குளிரூட்டிய கூடம், பளபளக்கும் மேசைகள். கல்லா என்று ஒன்று எங்குமே இல்லை. மேசையில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து, வேண்டியதைத் தேர்ந்தெடுத்து, அங்கேயே பணமும் கட்டினால்தான் சமையலறைக்குத் தகவல் போகும்.

என்னிடம் இருப்பது ஜெர்மனி எண். போனிலிருந்தே வங்கிப் பணத்தைக் கட்டும் யுபிஐ என்னிடம் இல்லை. கார்டு மெஷின் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினேன். "கேஷ் வாங்குறதில்ல சார்" என்றான் பையன். மேலாளர் வந்தார். "சிஸ்டத்துல கேஷ் ஆப்ஷனே கிடையாது சார், நாங்க என்ன பண்றது?" வயதானவர், மாத்திரை போட்டுவிட்டார், முதலில் இரண்டு இட்லியாவது கொடுங்கள் என்றேன். பில் விழாமல் இட்லி வராதாம்.

அதற்குள் அத்தை இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, நாலாக மடித்த நோட்டுகளைப் பிரித்து நீட்டினார். "சில்லறையாவே இருக்குப்பா, எடுத்துக்க." சில்லறை இல்லாததுதான் சிக்கல் என்று நினைத்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்கக் கடைக்காரரும் கண்டக்டரும் அவரிடம் கேட்டது அதைத்தானே. "பாட்டி, காசே வேணாம். போன்ல போடணும்" என்றான் அந்தப் பையன். அவனும் பணிவாகத்தான் சொன்னான். அத்தை என் முகத்தைப் பார்த்தார். நோட்டைப் பிடித்திருந்த கை நடுங்க ஆரம்பித்திருந்தது. சர்க்கரை இறங்கியதாலா, கூச்சத்தாலா தெரியவில்லை.

வண்டியை நிறுத்திவிட்டு வந்த ஓட்டுநர்தான் தன் போனில் ஸ்கேன் செய்து காப்பாற்றினார். நான் கொடுத்த நோட்டை அவரும் தயங்கித்தான் வாங்கிக்கொண்டார். வண்டிக் கடனுக்கு மாதத் தவணை வங்கிக் கணக்கிலிருந்து போகிறதாம். கையில் நோட்டு வந்தால் அதைக் கொண்டுபோய்க் கட்ட ஒரு நடை நடக்க வேண்டும்.

வெளிநாட்டு எண்ணோடு யுபிஐ வைத்துக்கொள்ள முடியாதா என்று கேட்பீர்கள். 2023 ஜனவரியில், வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் ஊர் வங்கியில் வைத்திருக்கும் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளுக்கு அந்த வழியைத் திறந்தார்கள். சிங்கப்பூர், அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஹாங்காங், வளைகுடா நாடுகள் சில என்று முதலில் பத்து. அந்தப் பத்தில் ஜெர்மனி இல்லை. ஊர் எண் ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்றால், பயன்படுத்தாமல் போட்ட சிம் சில மாதங்களில் செத்துப்போகிறது. அது போனால் ஓடிபி வராது. ஓடிபி வராவிட்டால் நம் கணக்கில் இருக்கும் நம் பணத்தை நாமே தொட முடியாது.

நான் வசிக்கும் ஜெர்மனியில் கதையே தலைகீழ். மத்திய வங்கியான பூண்டெஸ்பாங்கின் 2023 ஆய்வுப்படி, அங்கே வாங்குதலில் 51 விழுக்காடு இன்னும் ரொக்கத்தில்தான் நடக்கிறது. தெருமுனை ரொட்டிக்கடையில் கார்டை நீட்டினால் தலையாட்டி மறுப்பார்கள். சிறு கடைகளில் பத்து யூரோவுக்குக் குறைந்தால் கார்டு கிடையாது, வங்கிக்குக் கட்டணம் போகிறதே என்று. இத்தனை தொழிற்சாலை உள்ள நாட்டில் இதென்ன பழங்காலம் என்று எரிச்சல் பட்டிருக்கிறேன். அதனால்தான் மன்னார்குடி பேருந்து நிலையத்துக்கு வெளியே இளநீர்க்காரரின் வண்டியில் தொங்கிய ஒலிபெருக்கிப் பெட்டி, யுபிஐயில் வந்த தொகையைத் தமிழிலேயே சத்தமாகச் சொன்னபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. யுபிஐயில் வரும் பணத்துக்கு 2020 ஜனவரியிலிருந்து வியாபாரியிடம் கட்டணம் பிடிப்பதில்லை. பெட்டிக்கு மாத வாடகை மட்டும். அந்த மனிதருக்குச் சில்லறைத் தேடல் ஒழிந்தது, கள்ளநோட்டு பயமும் ஒழிந்தது. நமக்கும்தான். டிக்கெட்டின் பின்னால் மீதியை எழுதிக் கொடுத்துவிட்டு கண்டக்டர் மறந்துபோவதும், ஒரு ரூபாய்க்கு மிட்டாயைத் திணிப்பதும் யாருக்கு வேண்டும்? இதில் ஜெர்மனி நம்மிடம் பாடம் படிக்க வேண்டும்.

ஆனால் ராஜகோபாலசாமி கோயில் பக்கம் பூ விற்கும் அம்மாவிடம் பேசிய பிறகு அந்த மகிழ்ச்சி குறைந்துபோனது. அவர் கூடையிலும் கியூஆர் அட்டை இருக்கிறது. மகன் ஒட்டிக் கொடுத்தது, மகன் கணக்கு. "பெட்டி கத்துது தம்பி, காசு திருப்பூர்ல இருக்கு" என்றார். மறுநாள் பூ வாங்க முதல் வேண்டுமென்றால் மகனுக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும். அன்று நான் நோட்டாகக் கொடுத்தேன், கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நம் வீட்டுப் பெண்களுக்குச் சிறுவாடு என்று, தாமே சிறுகச் சேர்த்து ஒளித்துவைக்கும் பணம் ஒன்று இருந்தது. அத்தையின் சிறுவாடு துவரம்பருப்பு டப்பாவில் இருக்கும். நான் கல்லூரியில் சேர்ந்தபோது விண்ணப்பக் கட்டணம் அதிலிருந்துதான் வந்தது, மாமாவுக்குத் தெரியாது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 விழுக்காடு அந்த நோட்டுகளாக இருந்தன. அத்தையின் டப்பாவும் அதில் அடக்கம். அவருக்கென்று கணக்கு கிடையாது. எல்லாவற்றையும் மாமாவிடம் எடுத்துக் கொடுத்தார். மாமா மாற்றினார், அந்தப் பணம் டப்பாவுக்குத் திரும்பவில்லை.

கணக்கு பெண்ணின் பெயரில், ஏடிஎம் அட்டை பெண்ணின் கையில் என்றால் நான் எதிர்க்க மாட்டேன். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் நேரே அவர்கள் கணக்குக்குப் போவது நல்ல காரியம். பேரன் போனில், பேரன் பின் நம்பரில் பாட்டியின் காசு போய் உட்காருவதைத்தான் முன்னேற்றம் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பாட்டி ஐம்பது ரூபாயை யாருக்குக் கொடுத்தார் என்பது இன்று வீடு முழுக்கத் தெரிகிறது.

ரொக்கத்தை வைத்திருப்பவர்களுக்கு அபராதமும் வந்தது. 2025 நவம்பர் 15 முதல் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் செல்லுபடியாகும் ஃபாஸ்டேக் (சுங்கத்தைத் தானாகப் பிடிக்கும் ஒட்டுவில்லை) இல்லாத வண்டி யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு, ரொக்கமாகக் கட்டினால் இரண்டு மடங்கு என்று விதி வந்தது. சாவடியில் வரிசை குறையும் என்பது நியாயமான காரணம்தான். இட்லிக் கடையில் என்ன வரிசை?

ஸ்கேண்டிநேவிய நாடுகள் ரொக்கத்தைக் கைவிடுவதில் நமக்கு முன்னோடிகள். அவர்களில் நார்வே 2024 அக்டோபர் 1 முதல் சட்டத்தை இறுக்கியிருக்கிறது. ஆள் நின்று விற்கும் கடையில் 20,000 குரோனர் வரை வாடிக்கையாளர் ரொக்கம் கொடுத்தால் வாங்கத்தான் வேண்டும். நம் ஊரிலும் உணவகம், மருந்துக்கடை, மருத்துவமனை இந்த மூன்றுக்காவது அப்படி ஒரு விதி வேண்டும். மேலாளரிடம் இதைச் சொன்னேன். தலைமை அலுவலகத்துக்கு மெயில் போடுங்கள் என்றார், போட்டிருக்கிறேன்.

ஊருக்குப் போகிறவர்கள் இறங்கியவுடன் உள்ளூர் சிம் வாங்கி, வங்கிக் கிளைக்கு நேரில் போய் எண்ணை மாற்றி யுபிஐயைத் தொடங்கிவிடுங்கள். பெரியவர்களோடு நெடுஞ்சாலையில் போனால், கடைக்குள் போய் ரொக்கம் வாங்குவார்களா என்று கேட்டுவிட்டு அப்புறம் மாத்திரையைக் கொடுங்கள்.