பறக்கும் ரயில்: வண்டிக்கு ஒரு மதிப்பெண், வாசலுக்கு ஒரு மதிப்பெண்

சென்னைக் கடற்கரையிலிருந்து வேளச்சேரி வரை செல்லும் உயர்மட்ட ரயிலைப் பறக்கும் ரயில் என்று சொன்னால்தான் ஊரில் பலருக்கும் புரியும். வேளச்சேரிக்கும் பூங்கா நகருக்கும் இடையே வாரத்தில் நான்கைந்து நாட்கள் இதில் சென்று வருகிறேன். வண்டி, நிலையம், நிலையத்து வாசலிலிருந்து தொடங்கும் தெரு ஆகிய மூன்றையும் சேர்த்து இந்தச் சேவையை மதிப்பிடுவதே முறை என்று நினைக்கிறேன்.

முதலில் வண்டி. குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். சென்னையில் இன்று அந்தப் பணத்துக்கு ஒரு டீ கூடக் கிடைப்பது அரிது. பூங்கா நகரைத் தாண்டியதும் பாதை தூண்களின் மேல் ஏறிவிடுவதால், அங்கிருந்து வேளச்சேரி வரை குறுக்கே ஒரு ரயில்வே கேட் கூட இல்லை. கேட் மூடியிருக்கும்போது இருபுறமும் வரிசை கட்டி நிற்கும் வாகனங்களையும், கம்பியின் கீழே குனிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களையும் பார்த்துப் பழகிய எனக்கு இது சிறிய சலுகையாகத் தெரியவில்லை. கிரீன்வேஸ் சாலைக்கும் கோட்டூர்புரத்துக்கும் இடையே வண்டி அடையாற்றைக் கடக்கும் அந்தச் சில நொடிகளில், கைப்பேசியில் மூழ்கியிருப்பவர்களும் தலையை நிமிர்த்துவதைக் காலை வேளையில் கவனித்திருக்கிறேன். வண்டிக்குப் பத்துக்கு எட்டு தாராளமாகக் கொடுப்பேன்.

வாசலுக்கு வரும்போதுதான் என் கை தயங்குகிறது. இந்தப் பாதையின் பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டி அமைந்தது. பல இடங்களில் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. நெருக்கமான நகரில் வீடுகளையும் கடைகளையும் கையகப்படுத்துவதைக் காட்டிலும், நீர்வழியை ஒட்டிப் போவது எளிது என்பது விளங்கிக்கொள்ளக்கூடிய கணக்குதான். அதற்குக் கால்வாய் தன் அகலத்தை விலையாகக் கொடுத்தது ஒருபுறமிருக்க, தெருக்களும் ஒரு விலை கொடுத்தன. கால்வாய்க்கு ஊர் எப்போதும் முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தது; ஆகவே நிலையங்கள் ஊரின் முற்றத்தில் அமையாமல் புழக்கடையில் போய் விழுந்தன. கலங்கரை விளக்கம் என்று பெயர் கொண்ட நிலையத்தில் இறங்குபவர், அந்த விளக்கைப் பார்க்கக் கடற்கரையை நோக்கி அரைக் கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டியிருக்கிறது. பெயர் வைத்தவரின் நம்பிக்கையைப் பாராட்டலாம்.

திருமயிலை இதற்கு ஓரளவு விலக்கு. 1997இல் பாதை இங்கு வந்து சேர்ந்தது. மயிலாப்பூரின் பரபரப்பான சந்திப்பான லஸ் முனை சில நிமிட நடையில் இருக்கிறது. ஆனால் கட்டடத்தைப் பாருங்கள். நடைமேடையின் உயரத்துக்கு ஏற்ப அடுக்கடுக்காக எழுப்பி, அத்தனை பரப்பையும் வணிகத்துக்கு விடலாம் என்று திட்டமிட்ட இந்தப் பாதையின் பல நிலையங்களில் அந்தத் தளங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாகவே கிடந்தன. கடைக்காரர் கூட்டம் வரும் இடத்தில் கடை போடுவார். பயணிக்கோ ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் இருந்தால்தான் அந்த இடத்தில் கால் வைக்க மனம் வரும். இருவரும் ஒருவருக்கொருவர் காத்திருந்ததில் கூடம் புறாக்களுக்குப் போயிற்று. ஒரு நாள் மாலை, பூக்கூடையோடு படியேறிய அம்மா ஒருவர் பாதியில் கூடையை இறக்கிவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நானும் கூடவே நின்று மிச்சப் படிகளை எண்ணினேன். எண்ணி முடிப்பதற்குள் மேலே வண்டி கிளம்பிவிட்டது.

மயிலாப்பூரின் நெரிசலான தெருக்களுக்கு நடுவே இருக்கும் முண்டகக்கண்ணியம்மன் கோயில் நிலையம் 2014இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை ஏறத்தாழ 17 ஆண்டுகள் வண்டிகள் அந்த மக்களின் தலைக்கு மேலேயே போய்க்கொண்டிருந்தன. பாதை போட்ட பிறகு நிலையத்தைச் சேர்ப்பதும், நிலையம் கட்டிய பிறகு தெருவை நீட்டுவதும் இந்தத் திட்டத்தின் இயல்பாகவே ஆகிவிட்டதோ என்று தோன்றுகிறது.

தெற்கே கதை வேறு. 2004இல் திருவான்மியூருக்கும் 2007இல் வேளச்சேரிக்கும் பாதை நீண்டபோது ஐ.டி. நிறுவனங்கள் பெருகிக்கொண்டிருந்தன, டைடல் பார்க்குக்குப் போகிறவர்களுக்குத் திருவான்மியூர் நிலையம் கைக்கெட்டும் தூரத்தில் அமைந்தது. பெருங்குடி நிலையமோ பெருங்குடி ஊரிலிருந்து விலகி நிற்கிறது. அதை ஒட்டிய சாலை வாகனங்களுக்குத் தாராளமான அகலம் கொண்டது. நடந்து வருகிறவருக்கு நிழல் தரும் மரமும் தொடர்ச்சியான நடைபாதையும் அதே தாராளத்தோடு அமையவில்லை. ஒரு சிற்றுந்து நிலைய வாசலில் வந்து திரும்பினாலே இந்தக் குறையில் பாதி தீரும்.

வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரையிலான 5 கிலோமீட்டர் நீட்டிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பறக்கும் ரயிலைத் தாம்பரம் புறநகர் வழித்தடத்தோடும் மெட்ரோவோடும் ஒரே இடத்தில் முடிச்சுப் போடும் திட்டம் இது. பணி 2008இல் தொடங்கியது. ஆதம்பாக்கத்தில் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் நிலம் தொடர்பான வழக்குகளால் பல ஆண்டுகள் முடங்கிப் போயிற்று. மிச்சப் பாதைக்குத் தூண்களை நிறுத்திவிட்டு, நடுவில் உள்ள துண்டுக்காக இத்தனை காலம் காத்திருந்தது நிலத்தைப் பேசி முடிக்காமல் தூணை நட்டதன் விளைவே. தூணை வேகமாக எழுப்பிவிடலாம், நில உரிமையாளரோடு பேசுவதை அப்படி முடுக்க முடியாது.

வாசலுக்குப் பத்துக்கு நான்கு. புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: சேப்பாக்கத்தில் கிரிக்கெட் பார்க்கப் போகிறவர்கள் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு இதில் போகலாம், நிலையம் மைதானத்தை ஒட்டியே இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் நடைமேடை நிரம்பிவிடும் என்பதால், திரும்புவதற்கான டிக்கெட்டைப் போகும்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.